கணக்கைப் பார்த்து மன்னிப்பது: கிறிஸ்தவ வாழ்வில் மன்னிப்பையும் மனதுருக்கத்தையும் பழகுவதற்கு ஒரு வழிகாட்டி

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில் இரண்டு தொகைகள் வருகின்றன. ஓர் ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்டிருந்த கடன் பதினாயிரம் தாலந்து. அதே ஊழியக்காரனுக்கு அவனுடைய உடன்வேலைக்காரன் பட்டிருந்த கடன் நூறு வெள்ளிப்பணம். ராஜா முதல் கடனை மன்னித்துவிட்டார்; மன்னிப்புப் பெற்றவனோ தன் உடன்வேலைக்காரனை மன்னிக்கவில்லை. அக்காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணத்துக்குச் சமம். அப்படியானால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி; ஆண்டுக்கு 300 நாள் உழைத்து, ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் அதைத் தீர்க்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். இந்தப் பெருந்தொகையைப் பற்றிப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவது தொகையைப் பற்றிக் கேட்பது அரிது. நூறு நாள் கூலி சில்லறைப் பணம் அன்று. கொத்தனார் வேலைக்குப் போகிற ஒருவருக்கு அது நான்கு மாதக் குடும்பச் செலவு. ஒரு காசு கடன்பட்டிருந்தான் என்று இயேசு சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. நமக்கு ஒருவர் செய்த தீங்கு உண்மையானது, அதற்கு ஓர் அளவு உண்டு என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர் மன்னிக்கச் சொல்கிறார்.

நம் சபைகளில் மன்னிப்பைப் பற்றிக் கொடுக்கப்படும் ஆலோசனைகளில் பாதி இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகின்றன. "விட்டுத்தள்ளுங்கள் அம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி ஜெபித்து அனுப்பிவிடுகிறோம். போனவர் பத்து ஆண்டுகள் கழித்தும் அதே வேதனையோடு அதே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு கடன் என்று பார்க்காமல் ஒருவரும் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி கணக்கு எழுதுவதில் தொடங்குகிறது.

கணக்கை எழுதுதல்

பிறர் கண்ணில் படாத ஒரு நோட்டும், ஒரு மணி நேரத் தனிமையும் போதும். கைபேசியில் எழுத வேண்டாம். அனுப்பிவிடும் சோதனை மிக அருகில் இருக்கிறது. எழுத வேண்டியவை மூன்று: என்ன நடந்தது, அதனால் நான் எதை இழந்தேன், நடந்ததாக நானே கருதிக்கொண்டது எது.

ஒரு தங்கை தன் அண்ணனைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "அண்ணன் என்னை ஒருநாளும் மதித்ததில்லை" என்று அவர் தொடங்கினால் அது கணக்கில் சேராது; அது வருத்தம், அதற்கு வேறு இடம் இருக்கிறது. "அப்பா இறந்த ஆறாவது மாதம், ஒரு சாதாரணக் கையெழுத்து என்று சொல்லி அண்ணன் என்னைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார், நான் கையெழுத்துப் போட்டது என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது" என்பது கணக்கு. இழந்தது என்ற தலைப்பின் கீழ் வீட்டில் உள்ள பங்கு மட்டுமா வரும்? மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகுக்கடைக்குப் போன வளையல்கள் வரும். கிறிஸ்துமஸுக்குப் பிறந்த வீட்டுக்குப் போக முடியாமற்போனது வரும். அம்மாவின் கடைசி மாதங்களில் பக்கத்தில் இருக்க முடியாதது வரும். எழுதும்போது அழுகை வந்தால் வரட்டும். மூன்றாவது தலைப்பில்தான் பெரும்பாலானவர்கள் திகைத்துப் போகிறார்கள். "இதற்கெல்லாம் அண்ணிதான் காரணம், அவள்தான் தூண்டிவிட்டாள்" என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்தது உண்மையா என்று எழுதிப் பார்க்கும்போது, அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை என்பதும், செய்யாத குற்றத்துக்காக ஒரு பெண்ணோடு எட்டு ஆண்டுகளாகப் பேசாமல் இருந்திருக்கிறோம் என்பதும் தெரியவரலாம். அந்த வரியை அடித்துவிட வேண்டும். கணக்கில் இல்லாத கடனை மன்னிக்க வேண்டியதில்லை. அதற்காக நாம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

எழுதிய தாளை உடனே கிழித்து அடுப்பில் போடும்படி சில கூட்டங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தத் தாள் பின்னால் இரண்டு காரியங்களுக்குத் தேவைப்படும்: அண்ணனோடு பேசப் போகும்போது எதைப் பேசுவது என்பதற்கும், தேவைப்பட்டால் ஒரு வழக்கறிஞரையோ சபை ஆயரையோ பார்க்கும்போது நடந்ததைத் தெளிவாகச் சொல்வதற்கும்.

கடவுளிடம் முறையிடுதல்

எழுதி முடித்த உடனே மன்னித்துவிட முயல வேண்டாம். வேதாகமத்தில் இரண்டுக்கும் இடையில் இன்னொரு படி இருக்கிறது. அதை நாம் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். சங்கீதங்கள் என்ற ஜெபப் பாடல்களில் 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. 55ஆம் சங்கீதத்தில் பாடுகிறவரை நிந்தித்தவன் சத்துரு அல்லன்; அவரோடு ஒருமித்துத் தேவாலயத்துக்கு நடந்து போன தோழன். சபைக்குள்ளேயே காயப்பட்டவர்கள், அதாவது சேகரத் தேர்தலில் (சபை நிர்வாகத் தேர்தலில்) முதுகில் குத்தப்பட்டவர்கள், கட்டட நிதிக் கணக்கில் பொய்ப் பழி சுமந்தவர்கள், அந்தச் சங்கீதத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்க்கலாம். 109ஆம் சங்கீதம் வாசிக்கவே கூச்சம் தரும் அளவுக்குச் சாபங்களால் நிறைந்தது. அது வேதத்தில் இருப்பதற்குக் காரணம், அந்தச் சொற்களை எதிரியின் வாசலில் போய் நின்று சொல்வதைவிடக் கடவுளின் முன்னிலையில் சொல்வது பாதுகாப்பானது என்பதுதான் என்று நான் கருதுகிறேன்.

செய்முறை எளிது. சில நாட்களுக்குத் தனி ஜெபத்தில் இந்தச் சங்கீதங்களில் ஒன்றை வாசித்து, வாசிப்பை நிறுத்தி, நோட்டில் எழுதிய ஒரு வரியை அப்படியே கடவுளிடம் சொல்ல வேண்டும். அழகான ஜெபமொழி தேவையில்லை. எவ்வளவு நாள் என்று கேட்பவர்களுக்கு ஒரே அளவுகோல்தான் உண்டு: முறையீட்டில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாமல், சொன்னதையே ருசித்துச் சொல்லத் தொடங்கும்போது அந்தப் படி முடிந்துவிட்டது.

தள்ளுபடி செய்தல்

மாற்கு 11:25 நின்று ஜெபம் செய்யும்போது யார்மேலாவது குறை இருந்தால் அந்தக் குறையை அவனுக்கு மன்னிக்கும்படி சொல்கிறது. அந்த இடத்தில் எதிராளி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் வருந்தினாரா, மன்னிப்புக் கேட்டாரா, உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்விகள் எதுவும் அங்கே எழவில்லை. ஆகவே இந்தத் தள்ளுபடி முதலில் கடவுளுக்கும் நமக்கும் இடையில் நடக்கிறது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் வாசித்து, "ஆண்டவரே, இந்தக் கடனை இவரிடம் நான் இனி வசூலிக்கமாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, கீழே தேதி போடுங்கள். தேதி எதற்கென்றால், மனம் பின்னால் ஒருநாள் "நீ மன்னிக்கவே இல்லை" என்று குற்றம் சாட்டும். அப்போது காட்டுவதற்கு ஒன்று வேண்டும்.

வசூலிக்கமாட்டேன் என்றால் என்ன? பழிவாங்கமாட்டேன் என்பது வெளிப்படை. அதைவிட நுட்பமான வசூல்கள் இருக்கின்றன. அவர் மகனுடைய சம்பந்தம் பேசி முடியும் நேரத்தில் பெண் வீட்டாரிடம் "நல்ல குடும்பம்தான், ஆனால்..." என்று இழுப்பது ஒரு வசூல். அவருக்கு உடம்பு முடியாமல் போனதைக் கேள்விப்பட்டு, "தேவன் நீதியுள்ளவர்" என்று பக்தியோடு தலையாட்டுவது இன்னொரு வசூல். நடந்ததை நூறாவது தடவையாக உறவினர்களிடம் சொல்வதும் வசூல்தான். சொல்லவே கூடாது என்பதில்லை. ஆயரிடம், ஆலோசகரிடம், நம்பிக்கையான ஒரு நண்பரிடம் சொல்வது தேவைதான். வேறுபாட்டை அறிய ஒரே கேள்வி போதும்: இதைச் சொல்லி முடித்த பிறகு எனக்கு உதவி கிடைக்குமா, அல்லது அவருடைய பெயர் கெடுமா?

தள்ளுபடி செய்த பிறகும் கோபம் திரும்பி வரும். பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது வரும். அடகுக்கடை வாசலைக் கடக்கும்போது வரும். தனக்குக் குற்றம் செய்யும் சகோதரனை ஏழு தரம் மன்னித்தால் போதுமா என்று சீடன் பேதுரு கேட்டதற்கு இயேசு ஏழெழுபது தரம் என்று விடை சொன்னார். அது ஒருவர் புதிது புதிதாகச் செய்யும் ஏழெழுபது குற்றங்களுக்கு உரிய கணக்கு என்றே பொதுவாக விளக்குகிறார்கள். நடைமுறையில் ஒரே குற்றத்தை ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டியிருக்கிறது என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் போராட வேண்டியதில்லை. "அது தள்ளுபடியான கடன்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கையில் உள்ள வேலையைத் தொடர்வதே போதுமானது.

இதற்கு நம் ஆராதனை முறையே ஓர் ஒழுங்கைத் தந்திருக்கிறது, நாம்தான் அதைப் பயன்படுத்துவதில்லை. திருவிருந்துக்கு முந்திய ஆயத்த ஆராதனையோ, கத்தோலிக்கரானால் ஒப்புரவு அருட்சாதனமோ (குருவிடம் பாவ அறிக்கை செய்வதோ), இந்த நோட்டை எடுத்துப் பார்க்கத் தகுந்த நேரம். தவக்காலத்தில் மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு ஒருமுறைதான் ஆகும். ஒவ்வொரு திருவிருந்துக்கும் முந்திய சனிக்கிழமை மாலையில் அரை மணி நேரம் ஒதுக்குவது நல்லது. பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும்போது ஒரு பெயரை மனதுக்குள் சொல்லும் பழக்கமும் உதவும். சபையாரின் ஜெபம் அந்த இடத்தில் நமக்காக நிற்பதில்லை என்பதால் முன்கூட்டியே பெயரைத் தீர்மானித்துக்கொண்டு போக வேண்டும்.

மனதுருக்கத்தைக் கையால் பழகுதல்

மன்னித்த இடம் வெறுமையாகக் கிடந்தால் கசப்பு அங்கே மறுபடியும் குடியேறும். அதை நிரப்ப இயேசு சொன்ன வழி, நிந்திக்கிறவர்களுக்காக ஜெபிப்பது. இந்த ஜெபம் பெரும்பாலும் "ஆண்டவரே, அவரைத் திருத்தும்" என்பதோடு நின்றுவிடுகிறது. அது புகார் மனு. அவருக்காக ஜெபிப்பதென்றால், அவர் தமக்காக என்ன கேட்பாரோ அதை நாம் கேட்பது. அண்ணனுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா? அவருடைய மகள் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாளா? கடை வாடகை கட்ட முடியாமல் திணறுகிறாரா? இவற்றுக்காக ஜெபிக்க வேண்டுமென்றால் இவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் யாரிடமாவது அக்கறையோடு விசாரிக்க வேண்டும். அந்த விசாரிப்பிலேயே மனம் பாதி இளகிவிடும்.

கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமையைச் செயல்களின் பட்டியலாக வாசித்துப் பாருங்கள். அவன் மனதுருகினான் என்று லூக்கா சொல்வது ஒரு சொல்லோடு முடிகிறது. அதற்குப் பிறகு எண்ணெயும் திராட்சரசமும் வருகின்றன, காயம் கட்டப்படுகிறது, காயம்பட்டவன் சமாரியனுடைய வாகனத்தில் ஏற்றப்படுகிறான், சத்திரத்தில் இரவு கழிகிறது, மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுக்கப்படுகிறது, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்கும் கொடுக்கப்படுகிறது. பொருள், நேரம், வாகனம், இரண்டு நாள் கூலி, மறுபடியும் வந்து பார்ப்பதாக ஒரு பொறுப்பு. நம் பகுதியில் இரக்கச் செயல்கள் பெரும்பாலும் தவறுவது அந்தக் கடைசிப் பொறுப்பில்தான். மருத்துவமனைக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து ஜெபித்துவிட்டு வருகிறோம். நோயாளி வீடு திரும்பிய மூன்றாவது வாரத்தில், உறவினர் கூட்டம் கலைந்து, மருந்துச் செலவு மட்டும் மீதி நிற்கும்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மூன்றாவது வாரத்தில் போய்ப் பாருங்கள். வீட்டு வரவுசெலவில், காணிக்கைக்கு ஒதுக்குவதைப் போல, இப்படிப்பட்டவர்களுக்கென்று மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைத்தால், தேவை வரும்போது மனதோடு பேரம் பேச வேண்டியிராது.

பகைவர்மேல் மனதுருக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கேரளத்தில் பிறந்து, மத்தியப் பிரதேசத்தில் நிலமற்ற உழவர்களுக்காக உழைத்த அருட்சகோதரி ராணி மரியா 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கையும் துறவியுமான செல்மி பால் 2002இல் ரக்‌ஷா பந்தன் காலத்தில் சிறைக்குச் சென்று, கொலை செய்தவரின் கையில் ராக்கி கட்டி அவரைத் தம் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். அந்த மனிதர் 2006இல் விடுதலையானார். ராணி மரியாவின் வீட்டார் அவரைத் தங்கள் இல்லத்தில் வரவேற்றனர். ராணி மரியாவுக்கு 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில், புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் ராக்கியைச் சொல்வார்கள், இடையில் கழிந்த ஏழு ஆண்டுகளைச் சொல்லமாட்டார்கள். மன்னிக்க நாளாகிறதே என்று தங்களைத் தாங்களே குற்றப்படுத்திக்கொள்கிறவர்கள் அந்த ஏழு ஆண்டுகளை நினைத்துக்கொள்ளலாம்.

போய்ப் பேசுதல்

எல்லாத் தவறுகளையும் போய்ப் பேச வேண்டியதில்லை. ஒரு கல்யாண வீட்டில் நம்மைச் சரியாகக் கவனிக்காததைப் போன்றவற்றை உள்ளத்திலேயே தீர்த்துவிட வேண்டும். உறவு முறிந்திருந்தாலோ, தவறு தொடர்ந்துகொண்டிருந்தாலோ பேச வேண்டும். மத்தேயு 18:15 சொல்வதுபோல் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" பேச வேண்டும். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் வசனம் போட்டு மறைமுகமாகக் குத்துவது இந்தக் கட்டளைக்கு நேர் எதிரானது. துக்க வீட்டிலும் விசேஷ வீட்டிலும் பேச்சைத் தொடங்க வேண்டாம். அங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதால் இரு தரப்பும் மானத்தைக் காப்பாற்றுவதிலேயே கருத்தாக இருப்பார்கள். சாதாரண நாளொன்றில் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, உங்களைப் பார்த்து ஒரு விஷயம் பேச வேண்டும், எப்போது வந்தால் வசதி?" என்று கேட்டுவிட்டுப் போவதே முறை.

அங்கே முதலில் சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "நான் உங்களை மன்னித்துவிட்டேன்." தாம் தவறு செய்ததாகவே நினைக்காத ஒருவருக்கு அது தீர்ப்பாகத்தான் கேட்கும். நோட்டிலிருந்து நடந்ததையும் இழந்ததையும் மட்டும் சொல்லுங்கள். "நான் கையெழுத்துப் போட்டது விடுதலைப் பத்திரம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கு வர என்னால் முடியவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். அவர் சொல்வதில் நமக்குத் தெரியாத ஒன்று இருக்கலாம்: அப்பாவின் மருத்துவச் செலவுக்கு அவர் வாங்கிய வட்டிக் கடன், தங்கையின் கல்யாணத்துக்கே வீட்டை ஈடு வைத்திருந்தது. அது அவர் செய்ததைச் சரியாக்கிவிடாது. ஆனால் அவரை வேறு விதமாகப் பார்க்க வைக்கும். முதல் சந்திப்பில் முடிவுக்கு வர வேண்டியதில்லை. பேச்சு நகரவில்லை என்றால் இருவரும் மதிக்கும் ஒன்றிரண்டு பேரை அழைத்துக்கொண்டு போவதும், பிறகு சபையின் உதவியை நாடுவதும் அதே அதிகாரம் காட்டும் ஒழுங்கு. அழைத்துப் போகிறவர்கள் நம் பக்கத்துச் சாட்சிகளாக இருக்கக் கூடாது. அவருக்கும் வேண்டியவர்களாக இருக்க வேண்டும்.

மன்னிப்பும் நீதியும்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மன்னிப்பின் பெயரால் நம் சபைகளில் நடக்கும் தீங்கு கொஞ்சமில்லை.

1999 ஜனவரி 22 நள்ளிரவுக்குப் பின், ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில் தம் வாகனத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்கள் பிலிப்பும் திமொத்தேயுவும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தது உலகெங்கும் பேசப்பட்டது. அவர் செய்த மற்ற இரண்டு காரியங்களும் அதே அளவுக்குப் பேசப்பட வேண்டும். முதலாவது, பாரிபதாவில் கணவர் பராமரித்துவந்த தொழுநோயாளர் இல்லத்தை விட்டுவிட்டு உடனே ஊர் திரும்பாமல், 2004 வரை அங்கேயே தங்கி அந்தப் பணியை நடத்தினார். 2005இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இரண்டாவது, தம்முடைய மன்னிப்பையும் சட்டம் எடுக்கும் நடவடிக்கையையும் அவர் ஒன்றாகக் குழப்பவில்லை. வழக்கு அதன் வழியில் நடந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு 2003இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2005இல் ஒடிசா உயர் நீதிமன்றத்தால் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, அந்தத் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கசப்பை விடுவது அவருடைய கையில் இருந்தது. குற்றத்துக்கு விடை சொல்ல வைப்பது அரசின் கையில் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க முடிந்தது.

ஆதியாகமத்தில், சகோதரர்களால் அடிமையாக விற்கப்பட்டுப் பின்னர் எகிப்தின் அதிகாரியான யோசேப்பும் இதைத்தான் செய்தார். எகிப்தில் தம் முன்னால் வந்து வணங்கிய சகோதரர்களுக்கு அவர் உணவு கொடுத்தார், அவர்கள் கொடுத்த பணத்தையும் சாக்கில் திரும்ப வைத்தார். ஆனால் தம்மை வெளிப்படுத்தவில்லை. தம்பி பென்யமீனைக் கைவிடுகிறார்களா என்று சோதித்து, அண்ணன்களில் ஒருவனான யூதா தம்பிக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருப்பதாக முன்வந்த பிறகுதான் அழுது தம்மை அறிவித்தார். ஆண்டுகள் கழித்துத் தந்தை இறந்தபின், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று தீமையைத் தீமை என்றே சொல்லிவிட்டுத்தான் அவர்களைத் தேற்றினார். மன்னிப்பு ஒருவர் மட்டும் செய்யக்கூடியது. ஒப்புரவுக்கு இருவர் வேண்டும். நம்பிக்கை திரும்புவதற்கோ மாறிய நடத்தையும் காலமும் வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் கேட்கிற ஆயரும் சரி, மாமியாரும் சரி, வேதம் கேட்பதைவிட அதிகமாகக் கேட்கிறார்கள்.

ஆகவே, அடிக்கும் கணவனிடம் "மன்னித்து, பொறுத்துக்கொண்டு போம்மா" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது கிறிஸ்தவ ஆலோசனை ஆகாது. அவர் உள்ளத்தில் மன்னிக்கலாம். பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டே மன்னிக்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு ஆணை கோருவதும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைப்பதும் பகைமைச் செயல்கள் அல்ல. குழந்தை பாலியல் துன்புறுத்தலில் இதற்கும் மேலான கடமை இருக்கிறது: 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அது நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், சபையின் நற்பெயருக்காக மறைப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்பது ஞாயிறு பள்ளி நடத்தும் எந்தச் சபைக்கும் அடிப்படையான இரக்கச் செயல். சொத்து விஷயத்திலும் அப்படியே. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனையும் மகளையும் சமமாகவே வைக்கிறது. தங்கை தன் பங்கைக் கேட்பதால் மன்னிக்காதவள் ஆகிவிடமாட்டாள். கேட்கிற விதமும், கிடைக்காவிட்டால் எங்கே நிறுத்துவது என்பதும் மட்டுமே மன்னிப்பைச் சார்ந்தவை. கொரிந்து சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடியதை அப்போஸ்தலன் பவுல் கண்டித்தார் என்பது உண்மை. அவரே, சகோதரருக்குள்ளே தீர்த்துவைக்கத்தக்க விவேகி ஒருவராவது உங்களில் இல்லையா என்றும் கேட்டார். அப்படிப்பட்ட ஒருவரைத் தராமல் வழக்கை மட்டும் வாபஸ் வாங்கச் சொல்வது பாதி வேதம்.

கடனாளி நாமாக இருந்தால்

மலைப்பிரசங்கத்தில் காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கிறவனிடம், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்று இயேசு சொல்கிறார். போகும்போது மூன்று சொற்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்: "ஆனால்", "ஒருவேளை", "நீங்களும்". "ஒருவேளை நான் ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால்" என்பது மன்னிப்புக் கேட்பது ஆகாது. என்ன செய்தேன் என்பதை அவர் வாயிலிருந்து வரவழைக்காமல் நாமே சொல்ல வேண்டும்; அதனால் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் புரிந்துகொண்ட அளவில் சொல்ல வேண்டும்; எப்படி ஈடு செய்யப் போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். வரிவசூல் தலைவனான சகேயு இயேசுவிடம் கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னதைத்தான் எழுதுகிறார். பணமாக இருந்தால் ஒரு பகுதியையாவது கையில் கொண்டு போங்கள். பொய்ப் பேச்சாக இருந்தால், யார் யாரிடம் சொன்னோமோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்த் திருத்திச் சொல்ல வேண்டும். இது பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைவிடக் கடினம்.

அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. "நீங்களும் கிறிஸ்தவர்தானே" என்று நினைவூட்டுவது இன்னொரு அநியாயம். அவர் கதவைச் சாத்தினால், ரோமர் 12:18இல் உள்ள "உங்களாலானமட்டும்" என்ற அளவோடு திரும்பி வரலாம். சபையார் சேர்ந்து உண்ணும் அசன விருந்தில் பந்தியில் எதிரே உட்கார நேர்ந்தால் இயல்பாக வணக்கம் சொல்லுங்கள். வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வையுங்கள். வராவிட்டால் அதை ஒரு புதுக் குறையாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

மற்றவர் இறந்துபோய்விட்டால் இந்த வேலையின் பெரும்பகுதி இன்னும் செய்யக்கூடியதே. அவர் நமக்குக் கடன்பட்டிருந்தால் நோட்டையும் தேதியையும் மேலே சொன்ன முறைப்படியே முடிக்கலாம், அவருடைய பிள்ளைகளிடம் அந்தக் கடனைக் கேட்காமல் இருப்பதே அதன் அடையாளம். நாம் அவருக்குக் கடன்பட்டிருந்தால், அவரிடம் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதி, ஆயரிடமோ குருவிடமோ வாசித்துக் காட்டி, பொருளாகக் கொடுக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அதைச் சட்டப்படியான வாரிசிடம், என்ன காரணத்துக்காகக் கொடுக்கிறோம் என்பதையும் சொல்லியே ஒப்படைக்க வேண்டும். காரணத்தைச் சொல்லாமல் அன்பளிப்பைப் போல் கொடுத்துவிட்டு வருவது நம் மனச்சுமையைக் குறைக்கலாம். அந்தக் குடும்பத்துக்குத் தங்கள் தகப்பனைப் பற்றித் தெரிய வேண்டிய உண்மை அப்போதும் தெரியாமலே போய்விடும்.